துணைவர் என்ற சொல்லும் மருத்துவக் காப்புறுதியும்

பதுளை போதனா வைத்தியசாலையின் வெளிநோயாளர் பிரிவில் எவரும் நோயாளியிடம் திருமணச் சான்றிதழைக் கேட்பதில்லை. தியத்தலாவை ஆதார வைத்தியசாலையிலும் கேட்பதில்லை. பசறையிலும் லுணுகலையிலும் மடுல்சீமையிலும் உள்ள தோட்ட மருந்தகங்களிலும் கேட்பதில்லை. இலவச மருத்துவம் இந்நாட்டு மக்கள் பெற்றுள்ள பெரும் பேறுகளுள் ஒன்று. வந்தவர் நோயாளியா என்பதே அங்கு கேள்வி; அவர் எவருடைய மனைவி, எவருடைய கணவர் என்பது கேள்வியன்று.

இதன் காரணமாகவே, உலகின் பல நாடுகளில் நீதிமன்றங்களும் பாராளுமன்றங்களும் பல்லாண்டு காலம் வாதிட்டுவந்த ஒரு விடயம் நம்மிடையே அதிகம் பேசப்படவில்லை. ஒரே பாலினத்தைச் சேர்ந்த இருவர் தம்பதியராக வாழும்போது, ஒருவரின் மருத்துவக் காப்புறுதியில் மற்றவருக்கு உரிமை உண்டா என்பதே அவ்விடயம். இது மேலைநாடுகளுக்கு மட்டுமே உரிய பிரச்சினை எனவும், ஊவாவின் மலைச்சரிவுகளில் வாழும் மக்களுக்கும் இதற்கும் தொடர்பில்லை எனவும் பலர் கருதக்கூடும். சற்று ஊன்றி நோக்குமிடத்து, தொடர்பு உண்டு என்பது மாத்திரமன்றி, வேறு எவரையும்விட மலையக மக்களே இதன் உட்பொருளை விரைவில் விளங்கிக்கொள்ளக் கூடியவர்கள் என்பதும் புலனாகும்.

முதலில் காப்புறுதி இயங்கும் முறையைக் கவனிக்க வேண்டும். ஒரு நிறுவனம் தன் ஊழியர்களுக்குக் குழு மருத்துவக் காப்புறுதி வழங்கும்போது, அந்தப் பாதுகாப்பு பெரும்பாலும் ஊழியருடன் நின்றுவிடுவதில்லை. அவருடைய வாழ்க்கைத் துணைவரும் பிள்ளைகளும் 'தங்கியிருப்போர்' என்ற வகைக்குள் சேர்க்கப்படுகின்றனர். அரச ஊழியர்களுக்கான அக்ரஹார காப்புறுதியும் இத்தகையதே. தேசிய காப்புறுதி நம்பிக்கை நிதியத்தினால் நடத்தப்படும் இத்திட்டத்துக்கு ஊழியரின் சம்பளத்திலிருந்து மாதாந்தம் ஒரு தொகை கழிக்கப்படுகின்றது. மணமான ஊழியராயின் துணைவரும் பிள்ளைகளும், மணமாகாதவராயின் பெற்றோரும் அதன் பயனைப் பெறுகின்றனர். துணைவர் யார் என்பதற்கான சான்று திருமணப் பதிவு.

ஹாலிஎலையிலோ பண்டாரவளையிலோ ஒரே பாடசாலையில், ஒரே தரத்தில், ஒரே சம்பளத்துக்குப் பணிபுரியும் இரு ஆசிரியைகளை எடுத்துக்கொள்வோம். இருவரிடமிருந்தும் ஒரே தொகை கழிக்கப்படுகின்றது. ஒருவர் தம் கணவருடன் வாழ்கின்றார். மற்றவர் பத்து ஆண்டுகளாக இன்னொரு பெண்ணுடன் ஒரே வீட்டில், ஒரே அடுப்பில், ஒருவர் வருமானத்தை மற்றவர் பகிர்ந்து வாழ்கின்றார். முன்னவரின் கணவருக்குச் சத்திரசிகிச்சை தேவைப்பட்டால் காப்புறுதி கைகொடுக்கும். பின்னவரின் துணைக்கு அதே நோய் வந்தால் கைகொடுக்காது. மருத்துவக் காப்புறுதி என்பது சம்பளத்தின் ஒரு பகுதி என்பதை நினைவிற்கொண்டால், ஒரே வேலைக்கு இருவருக்கும் வெவ்வேறு ஊதியம் வழங்கப்படுகின்றது என்றே இதற்குப் பொருள்.

பெருந்தோட்டத் தொழிலாளரின் நிலை வேறு. அவர்களுக்கு வேலையுடன் இணைந்து கிடைப்பவை ஊழியர் சேமலாப நிதியமும் ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதியமுமே. பின்னதில் இருதய சத்திரசிகிச்சை, சிறுநீரக மாற்றுச் சிகிச்சை, கண்வில்லை பொருத்துதல் போன்றவற்றுக்கு உதவிகள் உள்ளன. ஆயினும் அவை அங்கத்தவரை மையமாகக் கொண்டவை. குடும்பம் முழுவதையும் உள்ளடக்கும் மருத்துவக் காப்புறுதி என்பது கொழுந்து பறிக்கும் பெண்ணுக்கு இன்றும் எட்டாக்கனிதான். ஆனால், 2012ஆம் ஆண்டின் குடிசன மதிப்பீட்டில் பதுளை மாவட்ட மக்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கினராக இருந்த இந்திய வம்சாவளித் தமிழரின் பிள்ளைகள் அனைவரும் இன்று மலையில் நிற்கவில்லை. அவர்கள் ஆசிரியர்களாகவும் தாதியர்களாகவும் வங்கி ஊழியர்களாகவும் உள்ளனர். கட்டுநாயக்காவிலும் பியகமவிலும் ஆடைத்தொழிற்சாலைகளில் இருக்கின்றனர்; கொழும்பின் கடைகளிலும் அலுவலகங்களிலும் இருக்கின்றனர். 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியின்போது அரச வைத்தியசாலைகளில் மருந்துகளுக்கு ஏற்பட்ட தட்டுப்பாடும், பரிசோதனைகளை வெளியே செய்துகொள்ள நேர்ந்த செலவும், காப்புறுதி என்பது வசதி படைத்தவர்களின் ஆடம்பரம் அன்று என்பதை எல்லோருக்கும் உணர்த்தின.

இனி, சட்டம் என்ன சொல்கின்றது என்பதைக் காண்போம். இலங்கையின் பொதுவான திருமணச் சட்டமாகிய 1907ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க விவாகப் பதிவுக் கட்டளைச் சட்டம் ஆண் தரப்பு, பெண் தரப்பு என்றே பேசுகின்றது. ஆகவே, இந்நாட்டில் ஒருபாலினத் திருமணத்தைப் பதிவுசெய்ய வழியில்லை. கனடாவில் 2005ஆம் ஆண்டிலிருந்தும், இங்கிலாந்தில் 2014ஆம் ஆண்டிலிருந்தும் இத்தகைய திருமணங்கள் சட்டபூர்வமானவை. அந்நாடுகளில் மணம்புரிந்த ஈழத்தமிழரோ மலையகத் தமிழரோ ஊர் திரும்பினால், விமான நிலையத்தில் இறங்கிய கணத்திலேயே சட்டத்தின் முன் அவர்கள் ஒருவருக்கொருவர் அந்நியராகி விடுகின்றனர்.

அது மட்டுமன்று. 1883ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக் கோவையின் 365ஆம் பிரிவு இயற்கைக்கு மாறான உறவு என்று தான் கூறுவதற்குப் பத்து ஆண்டுகள் வரையான சிறைத்தண்டனையையும், 365அ பிரிவு இரண்டு ஆண்டுகள் வரையான சிறைத்தண்டனையையும் விதிக்கின்றன. ஆங்கிலேயர் விட்டுச்சென்ற இச்சட்டத்தில் 365அ பிரிவு முன்னர் ஆண்களை மட்டுமே குறித்தது. 1995ஆம் ஆண்டில் நமது பாராளுமன்றம் மேற்கொண்ட திருத்தம் 'ஆண்' என்ற சொல்லை 'ஆள்' என மாற்றியதன் மூலம் பெண்களையும் அதற்குள் கொண்டுவந்தது. ஆகவே, காப்புறுதிப் படிவத்தில் உண்மையை எழுதுபவர் ஒரு சலுகையை இழப்பதுடன் தப்பிவிடுவதில்லை. தம்மைக் குற்றவாளியாகக் காட்டக்கூடிய ஒரு பத்திரத்தில் தாமே கையொப்பமிட்டவராகவும் ஆகக்கூடும். மௌனமே பாதுகாப்பு என்று அவர்கள் கருதுவதில் வியப்பில்லை. அந்த மௌனத்தைப் பார்த்துவிட்டு, 'எங்கள் பகுதியில் அப்படி எவரும் இல்லை' என்று நாம் கூறிக்கொள்கின்றோம்.

பிற நாடுகளில் இக்கேள்வி எவ்வாறு தீர்க்கப்பட்டது என்பது படிப்பினை தரக்கூடியது. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில், மாகாண மருத்துவ சேவைத் திட்டத்தின் 'துணைவர்' என்ற சொல் ஒருபாலினத் துணையையும் உள்ளடக்கும் என்று 1991ஆம் ஆண்டிலேயே நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்நாடு ஒருபாலினத் திருமணத்தைச் சட்டமாக்கியது அதற்குப் பதினான்கு ஆண்டுகளின் பின்னரே. அமெரிக்காவில் 2015 ஜூன் 26ஆம் திகதிய உச்ச நீதிமன்றத் தீர்ப்பு நாடு முழுவதும் திருமண உரிமையை நிலைநாட்டியது. அந்நாட்டில் பெரும்பாலான குடும்பங்களின் மருத்துவக் காப்புறுதி தொழிலுடன் பிணைந்திருப்பதால், வழக்கின் பின்னணியில் இருந்த அன்றாடத் தேவைகளுள் அதுவும் முக்கியமானது.

ஹொங்கொங்கில் லியுங் சுன்-குவொங் என்னும் குடிவரவு அதிகாரி 2014ஆம் ஆண்டில் நியூசிலாந்தில் தம் துணையை மணந்தார். அரச ஊழியரின் துணைவருக்குரிய மருத்துவ, பல் மருத்துவ வசதிகளை அவருடைய கணவருக்கு வழங்க அரசாங்கம் மறுத்தது. பாரம்பரியத் திருமண அமைப்பைப் பாதுகாப்பதே தனது நோக்கம் என்று அரசாங்கம் வாதிட்டது. 2019 ஜூன் மாதத்தில் இறுதி மேன்முறையீட்டு நீதிமன்றம் அந்த வாதத்தை ஏற்கவில்லை. ஒருவருடைய துணைக்கு மருத்துவ வசதியை மறுப்பதனால், வேறு எவரேனும் எதிர்ப்பாலினத்தவரை மணக்கத் தூண்டப்படுவர் என்று எண்ண இடமில்லை என்பதே நீதிமன்றத்தின் நிலைப்பாடாக இருந்தது.

எனினும், நமக்கு மிக நெருக்கமான பாடம் தென்கொரியாவிலிருந்து வருகின்றது. சோ சியோங்-வூக், கிம் யோங்-மின் என்னும் இரு ஆண்கள் 2019ஆம் ஆண்டில் உறவினர், நண்பர் முன்னிலையில் மணவிழா நடத்தி ஒன்றாக வாழ்ந்தனர். அந்நாட்டுச் சட்டம் அத்திருமணத்தைப் பதிவுசெய்வதில்லை. 2020ஆம் ஆண்டின் தொடக்கத்தில், தொழில்புரியும் கிம்மின் தங்கியிருப்பவராக சோவைத் தேசிய சுகாதாரக் காப்புறுதிச் சேவை பதிந்துகொண்டது. இச்செய்தி ஊடகங்களில் வெளிவந்ததும், அதே ஆண்டில் அந்தப் பதிவை ரத்துச் செய்து, சோவிடமிருந்து தனியாகக் கட்டணம் கோரியது. வழக்கு முதல் நீதிமன்றத்தில் தோற்றது. 2023ஆம் ஆண்டில் மேன்முறையீட்டில் வென்றது. 2024 ஜூலை 18ஆம் திகதி அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அவ்வெற்றியை உறுதிசெய்தது.

அத்தீர்ப்பின் அடிப்படையைக் கூர்ந்து நோக்க வேண்டும். ஒருபாலினத் திருமணம் செல்லுபடியாகும் என்று நீதிமன்றம் கூறவில்லை; அக்கேள்விக்குள் அது செல்லவே இல்லை. அந்நாட்டுக் காப்புறுதிச் சேவை, பதிவுசெய்யாமல் கணவன் மனைவியாக வாழும் ஆண் பெண் இணையரையும் தங்கியிருப்போராக ஏற்றுக்கொண்டு வந்தது. தாளில் இல்லாத ஒரு வாழ்வை ஒரு சாராருக்கு ஏற்றுக்கொண்டு, அதே வாழ்வை வாழும் இன்னொரு சாராருக்கு மறுப்பது பாரபட்சமாகும் என்பதே தீர்ப்பின் சாரம்.

தாளில் இல்லாத வாழ்வு என்ற தொடர் மலையகத்தாருக்கு விளக்கம் வேண்டாதது. தோட்டங்களில் நம் முன்னோர் பலர் கோவிலில் தாலி கட்டி, ஊரறிய வாழ்ந்து, பேரப்பிள்ளைகளையும் கண்டனர், பதிவாளரைக் காணவில்லை. பின்னர் பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ், இறந்த கணவரின் சேமலாப நிதி என்று ஒவ்வொரு வாயிலிலும், 'நீ அவருடைய மனைவி என்பதற்கு என்ன சாட்சி?' என்ற கேள்வி அவர்களை எதிர்கொண்டது. கணவன் மனைவியாக நீண்ட காலம் வாழ்ந்தமையும், சுற்றத்தார் அவ்வாறே அவர்களை ஏற்றமையும் திருமணத்துக்குச் சான்றாகலாம் என்று இந்நாட்டு நீதிமன்றங்கள் ஏற்றிருந்தமையினால் பலர் காப்பாற்றப்பட்டனர். வாழ்வு முன்னே சென்றது. சட்டம் பின்னே வந்து அதனை அங்கீகரித்தது.

திருமணத்தில் மட்டுமா இந்த அனுபவம்? 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் தலைமுறைகளாக இம்மண்ணில் உழைத்த மக்களை ஒரே நாளில் நாடற்றவராக்கியது. 1964ஆம் ஆண்டின் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களை எண்ணிக்கையாகப் பங்கிட்டது. 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டமே எஞ்சியோருக்குக் குடியுரிமை வழங்கியது. அந்த ஐம்பத்தைந்து ஆண்டுகளில் அவர்கள் இல்லாமல் போய்விடவில்லை. கொழுந்து பறித்தனர், நோயுற்றனர், மரித்தனர். ஆவணத்தில் பெயர் இல்லை என்பதனால் ஒரு மனிதர் இல்லை என்றாகிவிடாது என்பதற்கு இவ்வரலாற்றைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

இந்தியாவின் அனுபவமும் இங்கு கருத்திற்கொள்ளத்தக்கது. 2018ஆம் ஆண்டில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் நம்முடையதை ஒத்த தண்டனைப் பிரிவை, வயதுவந்தோரின் விருப்ப உறவைப் பொறுத்தவரை செல்லாதெனக் கூறியது. ஆனால் 2023 ஒக்டோபர் 17ஆம் திகதிய தீர்ப்பில், ஒருபாலினத் திருமணத்தை அங்கீகரிக்கும் பொறுப்பு பாராளுமன்றத்துக்குரியது என்று கூறி ஒதுங்கிக்கொண்டது. அதேவேளை, அன்றாட வாழ்வின் உரிமைகளை ஆராய அமைச்சரவைச் செயலாளர் தலைமையில் குழு அமைக்கப்படும் என்ற மத்திய அரசின் உறுதிமொழி பதிவு செய்யப்பட்டது. அதன் தொடர்ச்சியாக 2024ஆம் ஆண்டில், இத்தகைய இணையரைக் குடும்ப அட்டைக்காக ஒரே குடும்பமாகக் கருதலாம் எனவும், அவர்கள் கூட்டு வங்கிக் கணக்கைத் திறப்பதற்குத் தடையில்லை எனவும் அறிவுறுத்தல்கள் வெளியாகின. இறந்தவரின் உடலை, நெருங்கிய உறவினர் இல்லாதவிடத்து, துணையிடம் ஒப்படைப்பது குறித்தும் சுகாதார அமைச்சு மாநிலங்களுக்கு எழுதியது. 2025 மே மாதத்தில் சென்னை உயர் நீதிமன்றம், குடும்பம் அமைப்பதற்குத் திருமணம் ஒன்றே வழியன்று எனவும், தாமே தேர்ந்துகொண்ட குடும்பம் என்ற கருத்து நமது சட்டச் சிந்தனையில் வேரூன்றியது எனவும் கூறியது. தமிழ்நாட்டில் தமிழ்க் குடும்பங்களைச் சூழ்ந்த வழக்குகளில் தொடர்ந்து எழுந்த கேள்விகளுக்கான விடை அது.

இங்கு ஒரு பொதுத்தன்மையைக் காணலாம். பிரிட்டிஷ் கொலம்பியாவிலும் ஹொங்கொங்கிலும் தென்கொரியாவிலும் திருமணச் சட்டம் மாறுவதற்கு முன்னரே மருத்துவ உரிமை வந்தது. திருமணம் என்றால் என்ன என்ற கேள்வியில் சமயங்களுக்கும் சமூகங்களுக்கும் ஆழமான நிலைப்பாடுகள் உள்ளன. அக்கருத்து வேறுபாடு எளிதில் தீராது. ஆனால், நோயுற்ற ஒருவரை எவர் கவனித்துக்கொள்கின்றார், அவருடைய வருமானத்தில் எவர் தங்கியிருக்கின்றார் என்ற கேள்வி சமயத்துக்குரியதன்று. காப்புறுதிக் கம்பனி ஆலயமும் அன்று, தேவாலயமும் அன்று. அது கட்டணத்தைப் பெற்றுக்கொண்டு இடர்களைப் பகிர்ந்தளிக்கும் ஏற்பாடு.

எதிர்வாதங்கள் இல்லாமல் இல்லை. செலவு அதிகரிக்கும் என்பது ஒன்று. ஓர் ஊழியருக்கு ஒரு துணைவர் என்ற வரம்பு எல்லோருக்கும் பொதுவாக இருக்கையில், சிலருக்கு மட்டும் அவ்விடத்தை வெறுமையாக வைத்து மிச்சம் பிடிப்பது சிக்கனமன்று. நண்பர்களைத் துணைவர் என்று பொய்யாகக் காட்டுவர் என்பது இன்னொன்று. சத்தியக் கடதாசி, ஒரே முகவரி, குறிப்பிட்ட கால காத்திருப்பு, ஒருவரை மட்டுமே பெயரிடலாம் என்ற நிபந்தனை ஆகியவற்றால் இதனைத் தடுக்க இயலும். மேலும், போலித் திருமணங்கள் ஆண் பெண் இணையரிடையேயும் நிகழாதவை அல்ல. நமது கலாசாரத்துக்கு ஒவ்வாதது என்பதே மூன்றாவதும் வலுவானதுமான வாதம். நோயாளியைக் கைவிடாதிருத்தலும் நமது கலாசாரமே என்பதைத் தவிர அதற்குக் கூறத்தக்க பதில் வேறில்லை.

இலங்கையில் நீதிமன்றத்தின் மூலம் மட்டும் இதனைச் சாதிக்கலாம் என எதிர்பார்ப்பது கடினம். அரசியலமைப்பின் 12ஆம் உறுப்புரை சமத்துவத்தை வழங்குகின்றது. ஆனால் 16ஆம் உறுப்புரை, ஏற்கனவே இருந்த சட்டங்கள் அடிப்படை உரிமைகளுக்கு முரண்பட்டாலும் செல்லுபடியாகும் என்கின்றது. நிறைவேறிய சட்டமொன்றைப் பின்னர் ரத்துச்செய்யும் அதிகாரமும் நமது நீதிமன்றங்களுக்கு இல்லை. ஆகவே, மாற்றம் பாராளுமன்றத்தின் ஊடாகவே வரவேண்டும். பெண்களுக்கு எதிரான பாரபட்சங்களை ஒழிப்பதற்கான ஐக்கிய நாடுகள் குழு 2022ஆம் ஆண்டில், ரொசான்னா ஃப்ளேமர்-கல்தேரா தொடுத்த முறைப்பாட்டில், இலங்கையின் சட்டம் பெண்களின் உரிமைகளை மீறுகின்றது எனத் தீர்மானித்தது. அடுத்த ஆண்டில் பாராளுமன்ற உறுப்பினர் பிரேம்நாத் சி. தொலவத்த தண்டனைச் சட்டக் கோவையைத் திருத்தும் தனிநபர் சட்டமூலத்தைக் கொண்டுவந்தார். அது அரசியலமைப்புக்கு முரணானதல்ல என உயர் நீதிமன்றம் தீர்மானித்தமை 2023 மே மாதத்தில் சபைக்கு அறிவிக்கப்பட்டது. ஆனால் 2024 செப்டெம்பரில் பாராளுமன்றம் கலைக்கப்பட்டபோது, நிறைவேறாமலேயே அச்சட்டமூலமும் காலாவதியானது. சாதாரண பெரும்பான்மையே போதுமானதாக இருந்த ஒரு திருத்தத்துக்கு அவகாசம் கிடைக்கவில்லை.

பாராளுமன்றம் செயற்படும் வரை எதுவுமே செய்ய இயலாது என்று கருத வேண்டியதில்லை. குழுக் காப்புறுதி என்பது தொழில்தருநருக்கும் காப்புறுதிக் கம்பனிக்கும் இடையிலான ஒப்பந்தம். 'துணைவர்' என்ற இடத்தில், ஊழியர் பெயரிடும் ஒருவர் என்று எழுதுவதற்குத் திருமணச் சட்டத்தைத் திருத்த வேண்டிய அவசியம் இல்லை. அவ்வாறு பெயரிடப்படுபவர் தம் காதல் உறவை எங்கும் வெளிப்படுத்த வேண்டியதும் இல்லை. அக்ரஹார திட்டத்திலும் மணமாகாத ஊழியருக்குப் பெற்றோர் என்ற தெரிவு ஏற்கனவே உள்ளது; அதனுடன் தம்மில் தங்கியிருக்கும் ஒருவர் என்ற தெரிவைச் சேர்ப்பது பெருஞ்சிரமமான காரியமன்று. வைத்தியசாலைகளில் நோயாளி சுயநினைவுடன் இருக்கும்போதே, தம் நிலையை எவரிடம் அறிவிக்க வேண்டும், எவரை உள்ளே அனுமதிக்க வேண்டும் என்று எழுதிக்கொடுக்கும் ஒரு படிவம் போதும். பலர் துயருறுவது தவிர்க்கப்படும்.

இத்தகைய ஏற்பாட்டினால் நன்மையடைவோர் ஒருபாலினத் தம்பதியர் மட்டுமல்லர். பதிவுசெய்யாமல் முப்பது ஆண்டுகள் கூடி வாழ்ந்த தோட்டத் தம்பதியர், மணமாகாமல் ஒன்றாக வாழும் சகோதரிகள், தாயைப் போல் வளர்த்த பெரியம்மாவைக் காப்பாற்றிவரும் மகன் ஆகிய எல்லோருக்கும் அது உதவும். விளிம்பில் நிற்பவருக்காகத் திறக்கப்படும் வாயில் அவருக்குப் பின்னால் வருபவர்களுக்கும் திறந்தே இருக்கும்.

இதற்கிடையில், இன்று இருக்கும் சட்டத்துக்குள்ளேயே செய்துகொள்ளக்கூடியவற்றையும் கூறுவது நலம். ஆயுட் காப்புறுதியிலும் சேமலாப நிதியிலும் பின்னுரித்தாளியின் பெயரை அங்கத்தவர் முறையாகப் பதிந்துவைக்க வேண்டும். சொத்து இருப்பின், நொத்தாரிசு முன்னிலையில் இரு சாட்சிகளுடன் மரணசாசனம் எழுதிவைக்கலாம். மரணசாசனம் இல்லாத நிலையில், எத்தனை ஆண்டுகள் கூட வாழ்ந்திருந்தாலும் துணைக்கு எதுவும் சேராது. இவை யாவும் இறந்த பின்னர் பயன் தருபவை. உயிரோடு இருக்கையில் நோய்க்கு மருந்தாகா. அக்குறையைத் தீர்க்கவே காப்புறுதியில் சீர்திருத்தம் வேண்டப்படுகின்றது.

அடுத்த முறை தொழிற்சங்கங்கள் மருத்துவ வசதிகள் குறித்து பெருந்தோட்டக் கம்பனிகளுடனோ அரசாங்கத்துடனோ பேச்சுவார்த்தைக்கு அமரும்போது, தொழிலாளருக்குக் குடும்ப மருத்துவக் காப்புறுதி வேண்டும் என்ற கோரிக்கை முன்வைக்கப்பட வேண்டும். அக்கோரிக்கையை எழுதும்போதே, குடும்பம் என்பதற்கான வரைவிலக்கணத்தைத் தொழிலாளியே தீர்மானிக்கும்படி எழுதிவிடலாம். இல்லாத ஒன்றைப் புதிதாக அமைக்கும் வேளையில் எவரையும் வெளியே நிறுத்தாமல் அமைப்பது எளிது. அமைத்துவிட்ட பின்னர் சுவரை இடிப்பதுதான் கடினம். சான்றிதழ் இல்லாமையினால் நீண்ட காலம் வெளியே நின்ற ஒரு சமூகம் இதனை முன்மொழிவது முற்றிலும் பொருத்தமானது.